ஐப்பசி முதல் தை வரை: காடு, வீடு, கறவை மாடு

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி வட்டாரத்தில் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நான்கு மாதங்களும் மூச்சுவிட நேரம் தராதவை. ஆடி, ஆவணியில் விதைத்த மக்காச்சோளம் இந்த மாதங்களில்தான் கதிர் முற்றி அறுவடைக்கு வருகிறது. சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்க வேண்டும், மழை விட்ட இடைவெளியில் மருந்தடிக்க வேண்டும். தை பிறந்தால் பருத்தி எடுப்பு. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவமும் ஏறத்தாழ இதே காலந்தான். வீட்டுக்குள்ளே தீபாவளி, கார்த்திகை தீபம், ஐயப்பனுக்கு மாலை போட்டவருக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, கடைசியில் பொங்கல். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையும் இவற்றுக்கு நடுவில்தான் பெய்கிறது. கொட்டகை நனைவதும், மாட்டுக்கு நோய் வருவதும், பச்சைமலையடிவாரத்தில் பனி இறங்குவதும் இதே நாட்களில். இந்த நெருக்கடியைத் தினமும் கூடுதலாக ஓடியாடித் தீர்த்துவிடலாம் என்று பெரும்பாலான வீடுகள் நினைக்கின்றன. அது முடியாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மழைக்காலப் பளுவைப் புரட்டாசிக்குள்ளேயே குறைத்துவைக்க வேண்டும். வீட்டில் உழைக்கும் கைகள் எத்தனை என்று பார்த்துத்தான் மாட்டின் எண்ணிக்கையையும் கன்று ஈனும் மாதத்தையும் முடிவுசெய்ய வேண்டும்.

கூடுதலாக ஓடலாம் என்பவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஓடப்போவது யார்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுவதும், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதும் தெரியவந்தது. சமையல், துணி, பாத்திரம், தண்ணீர் என்று ஐந்து மணி நேரம் முன்கூட்டியே போய்விட்ட ஒருவரின் நாளில்தான் கொட்டகை வேலையையும் ஏற்றுகிறோம். காட்டு வேலைக்கும் அவரே போகிறார். மழைக்காலத்தில் துணி காயாது, விறகு நனைந்திருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஆகவே அந்த ஐந்து மணி நேரமும் நீள்கிறது. அப்போது எதைச் சுருக்குவார்? தூக்கத்தை முதலில் சுருக்குவார், அடுத்து கறவையை. அவசரமாகக் கறந்த மாடு மடியில் பாலை வைத்துக்கொள்கிறது, கழுவாத காம்பில் கிருமி ஏறுகிறது. வீட்டில் உள்ளவரின் களைப்பு நேராகப் போய் மாட்டின் நோயாக மாறுகிறது. இந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டால், குடும்பத்தின் நேரத்தைக் காப்பதும் மாட்டைக் காப்பதும் ஒரே வேலை என்பது விளங்கும்.

குளிரைவிட ஈரம் பொல்லாதது

எந்த வேலையை விடலாம், எதை விடக் கூடாது என்று பிரிக்க வேண்டுமானால், நம் ஊர் மழைக்காலத்தில் மாட்டை வருத்துவது எது என்று முதலில் தெரிய வேண்டும். பலரும் குளிர் என்பார்கள். பெரம்பலூர்ப் பகுதியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஜெர்சி, பிரீசியன் இரத்தம் கலந்த வளர்ந்த மாட்டுக்கு இது வருத்தும் குளிரே இல்லை. சித்திரை வெயில்தான் அதற்கு உண்மையான சோதனை. மாட்டின் முதல் வயிற்றில் நார்த்தீவனம் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிவதால், வயிறு நிறையத் தட்டை தின்ற மாடு குளிரைத் தாங்கிக்கொள்ளும். பனி உறையும் நாடுகளில் குதிரை வளர்ப்போர் கண்ட அனுபவமும் இதுவே. குதிரைக்கு நார்த்தீவனம் நொதிப்பது பெருங்குடலில். அங்கே குளிர் கூடினால் முதலில் உலர்புல்லைக் கூட்டுகிறார்கள், காற்றுக்கு ஒரு மறைப்பும் உலர்ந்த தரையும் உறுதிசெய்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்பதால் நீரின் சில்லிப்பைப் போக்கித் தருகிறார்கள். நம் மாட்டுக்கும் இதே மூன்றும் பொருந்தும். ஆனால் ரோமம் நனைந்துவிட்டால் இந்தக் காப்பு எல்லாம் போய்விடும். நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வாடைக்காற்று உடல் வெப்பத்தை உறிஞ்சும். வளர்ந்த மாட்டை விடக் கன்றுக்கு இதில் ஆபத்து அதிகம்.

ஈரத்தால் வரும் பெரிய நட்டம் மடிநோய். கறந்து முடித்த பிறகு காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணமும் மூத்திரமும் கலந்த சேற்றில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் போகிறது. கறந்ததும் தொட்டியில் தீவனம் போட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். தின்றுகொண்டிருக்கும் மாடு படுக்காது. கறக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை இழுத்துக் கறப்பது விரைவாகத் தோன்றினாலும் காம்பின் உட்பகுதியை நசுக்கிப் புண்ணாக்குகிறது. ஐந்து விரலாலும் காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக அழுத்திக் கறக்கும் முழுக்கை முறையே பாதுகாப்பானது. முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்த்தால் பாலில் திரிதிரியாக இருப்பது உடனே தெரிந்துவிடும். இதற்கு அரை நிமிடம் ஆகும். இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்த பிறகு, தரமான பசும்பாலுக்கு ஆவின் கொள்முதலில் கிடைத்தது 38 ரூபாய். எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மடிநோய் வந்து ஐந்து நாள் பாலை ஊற்ற முடியாமல் போனால் 1,520 ரூபாய் போய்விடும். மருந்துச் செலவு தனி. ஒரு காம்பு நிரந்தரமாக அடைத்துக்கொண்டால் அந்த நட்டம் மாடு இருக்கும்வரை தொடரும்.

எதிரி ஈரந்தான் என்று தெரிந்தபின், பல வேலைகளை மனச்சாட்சி உறுத்தாமல் விட்டுவிடலாம். மார்கழி விடியலில் மாட்டைத் தினமும் குளிப்பாட்ட வேண்டாம். மடியையும் காம்பையும் கழுவித் துடைத்து, உடம்பைத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துவிட்டால் போதும். அடர்தீவனத்தை அடுப்பில் வைத்து வேகவைப்பதும் தேவையில்லை. அசைபோடும் மாட்டின் வயிறு அந்த வேலையைத் தானே செய்யும், ஈர விறகோடு நடக்கும் போராட்டமும் மிச்சமாகும். கொட்டகையை நாளுக்கு மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவுவது மழைக்காலத்தில் தீங்கே செய்யும். சாணத்தை வழித்து, காலையில் ஒருமுறை கழுவி, மற்ற நேரம் உலர்ந்த சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ தூவி ஈரத்தை உறிஞ்ச விடுவதே சரி. அதேபோல் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே தினமும் புல்லறுக்கப் போவதையும் நிறுத்தலாம். அதற்குச் செய்ய வேண்டிய ஏற்பாட்டைக் கீழே பார்ப்போம். விடக் கூடாதவை நான்கே: உலர்ந்த தரை, நிறைந்த வயிறு, சுத்தமான மடி, நேரத்துக்குக் கறவை.

புரட்டாசிக்குள் முடிய வேண்டியவை

முதலில் கொட்டகை. ஒரு கறவை மாடு நின்று படுக்கக் கூரைக்குக் கீழே சுமார் மூன்றரை சதுர மீட்டர் இடம் வேண்டும். தரை தொட்டிப் பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி, நாற்பது அடிக்கு ஓரடி என்ற அளவில் சரிந்திருந்தால் மூத்திரம் தேங்காமல் வாய்க்காலுக்குப் போய்விடும். சிமெண்டுத் தரை இல்லாத வீடுகள் கவலைப்பட வேண்டியதில்லை. மாடு நிற்கும் இடத்தைச் சுற்றுத்தரையை விட முக்கால் அடி உயர்த்தி, கிராவல் மண் போட்டுத் திமிசு அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கூரையிலிருந்து வடியும் தண்ணீர் கொட்டகைக்குள் திரும்பாதபடி வெளியே ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். மழை தொடங்கியதும் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிடுவது நம் ஊரில் பரவலாக நடக்கும் தவறு. மூடிய கொட்டகையில் மூத்திர ஆவி தங்கி மாட்டுக்கும் கன்றுக்கும் நுரையீரல் கெடுகிறது, தரையும் காய்வதில்லை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும், மாட்டின் முதுகு உயரம்வரை மறைப்புக் கட்டினால் போதும். தெற்கும் மேற்கும் திறந்திருக்கட்டும். இவை அனைத்தும் காய்ந்த நிலத்தில் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலைகள். மழை பிடித்த பிறகு தொடங்கினால் சேறுதான் மிஞ்சும்.

இரண்டாவது தீவனம். தினமும் புல்லுக்கு அலையும் நேரமே மழைக்காலத்தில் குடும்பத்தின் பெரிய நேரச் செலவு. மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்றில் இருந்துகொண்டு நாம் பசுந்தீவனத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்த பயிர் புரட்டாசிக் கடைசியில் மணி பால்பிடித்து இறுகும் பருவத்துக்கு வரும். அப்போது பத்து சென்ட் பயிரைக் கதிரோடு அறுத்து, விரல்கடை நீளத்துக்கு நறுக்கி, குழியிலோ ஊறுகாய்ப் புல்லுக்கென்று விற்கும் தடித்த பையிலோ காற்றில்லாமல் மிதித்து அடைத்து மூடிவைத்தால், ஒன்றரை மாதத்தில் ஊறுகாய்ப் புல் தயார். நாளுக்குப் பத்து கிலோ என்று தொண்ணூறு நாளுக்கு ஒரு மாட்டுக்கு 900 கிலோ வேண்டும். மானாவாரி விளைச்சலைக் குறைவாகவே எடுத்துக்கொண்டாலும் அந்தப் பத்து சென்ட் இதைத் தந்துவிடும். இடம் இரண்டு கன மீட்டருக்குள் அடங்கும். கார்த்திகை நடுவில் பையைத் திறந்தால் மாசி நடுவரை அரிவாள் எடுக்க வேண்டாம். திறக்கும்வரை கைகொடுக்கச் சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் மேடான இடத்தில் போர் போட்டுத் தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். விற்கிற கதிரை அறுத்து மாட்டுக்குப் போடுவதா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் பத்து சென்ட் மக்காச்சோளத்தின் விலையை, மழைக்காலத்தில் வெளியில் வாங்கும் தீவனத்தின் விலையோடும், தொண்ணூறு நாள் ஒருவர் புல்லுக்குச் செலவிடும் நேரத்தின் கூலியோடும் ஒப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். கையில் பணமில்லாதவர்கள் கிசான் கடன் அட்டையைக் கேட்கலாம். 2018–19 முதல் கால்நடை வளர்ப்புக்கும் அது உண்டு.

தீவனத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வியாபாரி எடுக்கமாட்டார். வீணாகிறதே என்று அதை அரைத்து மாட்டுக்குப் போடும் பழக்கம் உண்டு. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும்தான். கடலைப் பிண்ணாக்குக்கும் இதே விதி. மணிகளை ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு வரும்வரை காயவைத்து, தரையில் படாமல் பலகைமேல் மூட்டையை அடுக்க வேண்டும். பூசணம் பிடித்ததைக் குப்பைக்குழியில் போடுவதே லாபம்.

மூன்றாவது தடுப்பூசி. 2013 மழைக்காலத்தில் காவிரிப் படுகை மாவட்டங்களில் கோமாரி பரவி ஏராளமான மாடுகள் இறந்தன. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று கோமாரித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே முகாம் நடக்கும் நாளில் காட்டுவேலையைக் காரணம் காட்டி மாட்டைக் கொண்டுபோகாமல் இருப்பது பெரிய பிழை. பால் குறையும் என்ற அச்சமும் வேண்டாம். ஊசிக்குப் பிறகு இரண்டொரு நாள் பால் சற்றுக் குறையலாம். கோமாரி வந்த மாடு வாயிலும் குளம்பிலும் புண்ணோடு நின்று, அந்த ஈற்றுப் பாலையே இழந்துவிடும். குடற்புழு மருந்தையும் மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்தபின் ஒருமுறை கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும். ஏரிக்கரை ஈரப்புல்லில் மேயும் மாட்டுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு ஏறும் காலம் அது.

எத்தனை மாடு, எந்த மாதம் கன்று

இனி வாதத்தின் மையத்துக்கு வருவோம். எத்தனை மாடு வைக்கலாம் என்ற கேள்விக்குத் தீவனத்தையும் கடன் தவணையையும் பார்த்தே விடை சொல்கிறோம். கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு வீடும் ஒரு தாளில், மார்கழி மாதத்து ஒரு நாளை எழுதிப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு யார் எழுகிறார், யார் கறக்கிறார், சொசைட்டிக்குப் பாலை யார் கொண்டுபோகிறார், பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புகிறார், காட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், மாலைக் கறவைக்கு யார் திரும்புவார் என்று எழுதினால், ஒரே நேரத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய நிலை எங்கே வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த மோதல் தீராத வீட்டில் இன்னொரு மாட்டை வாங்கினால் அதன் பால், ஏற்கெனவே இருக்கும் மாட்டின் பாலைக் குறைத்துத்தான் வரும். அதிக மாடு அதிக வருமானம் என்பது, ஒவ்வொரு மாட்டுக்கும் உரிய கவனம் கிடைக்கும் எல்லைவரை மட்டுமே உண்மை. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. மாடு சினைப்பருவத்துக்கு வந்ததை ஒருமுறை கவனிக்கத் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் மாடு தின்றுகொண்டுதான் இருக்கும். இரண்டு மாட்டை நன்றாகப் பார்க்கும் வீடு, நான்கு மாட்டை அரைகுறையாகப் பார்க்கும் வீட்டைவிட ஆண்டு முடிவில் பின்தங்கிவிடாது.

மாட்டின் எண்ணிக்கையைப் போலவே கன்று ஈனும் மாதமும் நம் கையில் உள்ளது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈனுவதற்கு முன் 60 நாள் பாலை வற்றவிட வேண்டும். தை, மாசியில் சினை ஊசி போட்ட மாடு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈனும். அடைமழையில் கன்று பிறக்கும், பால் உச்சத்தில் இருக்கும், வீட்டில் யாருக்கும் நேரமிருக்காது. சித்திரையில் ஊசி போட்டால் தையில் கன்று. அப்படியானால் கார்த்திகையும் மார்கழியும் அந்த மாட்டுக்குக் கறவை இல்லாத மாதங்கள். அறுவடையும் மழையும் தேர்வும் நெருக்கும் காலத்தில் நாளுக்கு இரண்டு கறவை குறைகிறது. கன்று பிறக்கும்போது மழை ஓய்ந்திருக்கும், மக்காச்சோளத்தட்டும் கடலைக்கொடியும் கரும்புக் கொழுந்தாடையும் கிடைக்கும். இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சித்திரை வெயிலில் மாடு சினை பிடிப்பது குறைவு, தையில் ஈன்ற மாட்டின் பால் உச்சம் கோடையில் போய் அடிபடும் என்பார்கள். அது உண்மைதான். ஆகவே எல்லா மாட்டையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை. இரண்டு மாடு உள்ள வீடு ஒன்றை மட்டும் தைக்கு மாற்றினால் மழைக்காலத்தில் ஒரு மாட்டுக் கறவையும், மற்ற காலத்தில் தொடர்ந்த வருமானமும் இருக்கும். கோடையில் ஊசியைக் காலைக் குளிர்ச்சியில் போட்டு, மாட்டை நிழலில் கட்டி, நிறையத் தண்ணீர் காட்டினால் சினை பிடிக்கும் வாய்ப்பும் கூடும். ஈன்று மூன்று மாதம் ஆன மாட்டை இதற்காக ஒன்றிரண்டு பருவத்துக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது. அதற்கு மேல் காத்திருந்தால் இழப்பே மிஞ்சும்.

கறக்கத் தெரிந்த இரண்டு பேர்

பூலாம்பாடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஆண்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் நெடுங்காலமாகிறது. எறையூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இளம்பெண்களும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் கறக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று முழு ஏற்பாடும் சரிகிறது. மாடு ஒரு கைக்கே பழகிவிடும், வேறு யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கும் என்பது அனுபவம் சொல்லும் உண்மை. அதனால்தான் பழக்குவதை மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். ஆவணியிலிருந்து வாரத்தில் இரண்டு மாலைக் கறவையை இரண்டாமவர் எடுத்துக்கொண்டால் புரட்டாசி முடிவதற்குள் மாடு இரு கைக்கும் பழகிவிடும். அந்த இரண்டாமவர் வீட்டு ஆணாக இருப்பது நல்லது. கொட்டகை பெண்ணின் வேலை என்ற எண்ணத்துக்கு மாட்டின் உடலில் எந்த ஆதாரமும் இல்லை. ஷிப்டுக்குப் போகிறவர் சாணம் வழிப்பதையும் தண்ணீர் நிரப்புவதையும் இரவே முடித்துவிட்டால் விடியலில் கறவை மட்டுமே மிஞ்சும். கறவை இடைவெளி சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் நல்லது. எட்டுப் பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் பதினான்கும் பத்துமாக அமைந்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் தினமும் நேரம் மாறக் கூடாது.

வீட்டில் இரண்டாவது ஆளே இல்லாதவர்கள் பக்கத்து வீட்டோடு மாற்று வைத்துக்கொள்ள வேண்டும். சொசைட்டிக்கு இரு வீட்டுப் பாலையும் ஒருவர் கொண்டுபோவது, காலை முறையும் மாலை முறையும் மாறிக்கொள்வது, ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கறப்பது என்று வாயால் பேசி முடிவுசெய்யாமல் நாள்வாரியாக எழுதிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து மறு வீட்டுக் கொட்டகைக்குப் போகும்போது கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். ஒரு மாட்டின் நோய் மற்றதற்கு ஏறும் வழி கழுவாத கையும் காலுந்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறந்து, கழுவி, தீவனம் போடுகிறவரின் பெயரிலேயே சொசைட்டி உறுப்பினர் அட்டையும் பால் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். எந்த வேலைக்குச் செலவழிப்பது, எந்த மாட்டை விற்பது என்று உழைப்பவரே முடிவுசெய்யும் வீட்டில்தான் பளுவும் உண்மையாக எடைபோடப்படும்.

வழக்கமாக எழும் மறுப்புகள்

எங்கள் பாட்டி பத்து மாடு வைத்து, பத்துப் பிள்ளையும் வளர்த்தாரே என்பார்கள். அந்த வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன்மார் என்று கூட்டுக் குடும்பத்தின் கைகள் இருந்தன. மேய்ச்சல் நிலம் இருந்தது. அந்த நாட்டு மாடு இரண்டு லிட்டர் கறந்து, மழையில் நனைந்தும் தாங்கியது. இன்றைய கலப்பின மாடு பலமடங்கு கறக்கிறது, அதற்கேற்பப் பலமடங்கு கவனத்தையும் கேட்கிறது. கறவை இயந்திரம் வாங்கினால் தீராதா என்பது அடுத்த கேள்வி. ஐந்தாறு மாடு உள்ள இடத்தில் இயந்திரம் நிச்சயம் உதவும். ஒன்றிரண்டு மாட்டுக்கு, கறக்கும்போது மிச்சமாகும் நேரம் குழாயையும் கிண்ணியையும் வெந்நீரில் கழுவுவதிலேயே போய்விடும். கழுவாமல் விட்டால் மடிநோய் கைக்கறவையை விட வேகமாகப் பரவும். மழைக்காலத்தில் மாட்டை விற்றுவிட்டு மாசியில் வாங்கலாமே என்பவர்களும் உண்டு. நெருக்கடியில் விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை, வாங்கும்போது தெரியாத மாட்டின் நோயும் சேர்ந்து வரலாம். விற்பதென்றால் ஆவணியிலேயே, எந்த மாடு நமக்கு ஒத்துவரவில்லை என்று பால் கணக்கையும் சினைக் கணக்கையும் பார்த்து விற்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவை

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நாட்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓட வேண்டியிருக்கும். மடி சூடாகவோ கல்லாகவோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரவலாக்கிய சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த கலவையைத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்து கழுவிய மடியில் நாளுக்கு எட்டுப் பத்து முறை தடவலாம். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு மருத்துவர் வரவும் வேண்டும். அறுவடை நாட்களில் கட்டவிழ்ந்த மாடு மக்காச்சோளக் குவியலில் வாய் வைத்துவிட்டால், அது நன்றாக நிற்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றில் அமிலம் ஏறி மாடு சாய்ந்துவிடும். வறட்சியில் வாடி, மழைக்குப் பின் துளிர்த்த பூக்காத சோளப்பயிரில் மேயவிடக் கூடாது. அதில் உயிரைப் பறிக்கும் சயனைடு நஞ்சு இருக்கும். இடது வயிறு உப்பி மாடு திணறினாலும், பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வராவிட்டாலும் உடனே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்க வேண்டும். பிறந்த கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும். இடி இடிக்கும்போது மாட்டைத் தனி மரத்தடியில் கட்டக் கூடாது. இந்தப் பட்டியல் நீளமில்லை. மற்ற வேலைகளைக் குறைத்திருந்தால்தான் இவற்றுக்கு ஓட உடம்பில் தெம்பிருக்கும்.

ஆகவே ஆவணி மாதத்தில் ஒரு மாலை வீட்டார் எல்லோரும், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, உட்கார்ந்து பேசுங்கள். வரும் மார்கழியின் ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள். மோதுகிற நேரங்களை வட்டமிடுங்கள். இரண்டாவது கறவைக்காரர் யார், பக்கத்து வீட்டில் மாற்று யார், எந்த மாடு அடுத்த ஆண்டு தையில் ஈன வேண்டும், எது வீட்டுக்கு மிகுதி என்று முடிவெடுங்கள். கொட்டகை, தீவனம், தடுப்பூசி மூன்றுக்கும் புரட்டாசிக்குள் நாள் குறியுங்கள். முதல் ஆண்டில் இவற்றில் பாதி நடந்தாலே மடிநோய்ச் செலவிலும் வீட்டுப் பெண்களின் தூக்கத்திலும் வித்தியாசம் தெரியும். அதைப் பார்த்தபின் மீதிப் பாதியை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.